என் முடியில் கட்டிய கூடு

டிராக்டரிலிருந்து இறங்கிய எங்கள் வீட்டுக்காரர் கால்கூடக் கழுவவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டையும் அவிழ்க்கவில்லை. நேராக வீட்டுக்குப் பின்பக்கம் போனார். வெந்நீர் அடுப்புக்கு மேலே சுவரில் இருந்த பொந்தின் முன்னால் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணைப் பொந்தில் வைத்துப் பார்த்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"போயிடுச்சா?" என்றார்.

"போயிடுச்சு."

"மூணுமா?"

"மூணும்தான்."

"எப்போ?"

"காலையில. நீங்க ஆலை வாசல்ல நின்னுக்கினு இருந்தப்போ."

அப்படியே அடுப்புக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் காய்ந்த கரும்புச் சோகையும் புழுதியும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி இருந்தது முகம். "எப்படிப் போச்சு? சொல்லேன் வசந்தா" என்றார்.

எனக்குத் தெரியும். ஆரம்பம் முதல் கடைசி வரை பார்த்திருந்தேன். அதைப் பார்த்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கீரையை உருவிக்கொண்டே இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்பதுதான் இந்த வாரக் கதை.

பொறாமைப்பட ஓர் ஆள்

எங்கள் ஊர் நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்ததைப் பற்றி முன்பு இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு வாசகி, "வேலைக்கு அனுப்பிய உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவர், கொடுத்துவைத்தவர் நீங்கள்" என்று எழுதியிருந்தார்.

அம்மா, அவர் நல்லவர்தான். குடிக்கமாட்டார். கை நீட்டமாட்டார். இன்னொருத்தியை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஊரே சொல்லும். ஆனால் பொறாமைப்பட எனக்கு எப்போதும் ஓர் ஆள் இருந்துகொண்டே இருந்தது. என்ன, மனுஷியாக மட்டும் இருந்ததில்லை.

முதலில் மாடுகள். கல்யாணமான முதல் மாட்டுப் பொங்கலுக்குச் சங்கராபுரம் சந்தைக்குப் போனவர் இரண்டு மாட்டுக்கும் கொம்பில் கட்ட ரிப்பன் வாங்கி வந்தார். ஒன்று ரோஸ், ஒன்று பச்சை. எனக்கு அப்போது முடி இடுப்புக்குக் கீழே இருக்கும். ஊரில் பெண்கள் அதைப் பார்த்துக் கண்ணு வைப்பார்கள். அந்த முடிக்கு ஒரு முழம் ரிப்பன் வாங்கத் தோன்றவில்லை பாருங்கள்.

மாடுகளுக்குப் பிறகு கரும்பு. கரும்புக்குப் பிறகு டிராக்டர். டிராக்டருக்கு ஆயுதபூஜையன்று அவர் சந்தனம் பூசுகிற அழகைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அதெல்லாம் பழகிப்போய், இனி புதிதாக யார் வரப்போகிறார்கள் என்று நான் நிம்மதியாக இருந்த வயதில்தான் சக்களத்தி வந்து சேர்ந்தாள்.

அவள் ஒரு கருஞ்சிட்டு. பேர்தான் கருஞ்சிட்டு, கறுப்பெல்லாம் ஆணுக்குத்தான். இவள் வெறும் மண் நிறம். வாலைத் தூக்கிக்கொண்டு நடப்பாள், வாலுக்கு அடியில் செங்கல் நிறத்தில் கொஞ்சம் தெரியும். மற்றபடி சொல்லிக்கொள்கிற அழகு ஒன்றும் கிடையாது.

முடிப் பொந்து

எங்கள் வீடு கொல்லையிலேயே, அதாவது நிலத்துக்குள்ளேயே, தனியாக இருக்கிறது. மூன்று பக்கமும் கரும்பு. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு விறகு அடுப்பு, அதில்தான் குளிக்கத் தண்ணீர் காயும். அதற்கு மேலே, கை எட்டும் உயரத்தில், ஒரு செங்கல் பெயர்ந்து உண்டான பொந்து. அது என்னுடைய பொந்து.

எங்கள் பக்கத்தில், தலை சீவும்போது உதிர்கிற முடியைக் கண்ட இடத்தில் போடமாட்டோம். விரலில் சுருட்டிச் சுவர்ப் பொந்தில் செருகிவைப்போம். முடிக்காரர் வரும்போது எடுத்துக் கொடுத்துவிட்டு ஊக்கோ, பிளாஸ்டிக் டப்பாவோ வாங்கிக்கொள்வோம். வேறெதற்கும் அந்தப் பொந்துப் பக்கம் யாரும் போவதில்லை.

மாசி மாதத்தில் ஓசூருக்கு மகள் செல்வி வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். நான் இல்லாதபோது அவர் வெந்நீர் அடுப்பையே பற்றவைக்கவில்லை. மோட்டார் தொட்டியிலேயே குளித்துக்கொண்டார். புகை இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. அதுதான் அவளுக்கு வசதியாகிவிட்டது.

திரும்பி வந்த மறுநாள் காலை தலையைச் சீவி, உதிர்ந்ததைச் சுருட்டி, வழக்கம்போலப் பொந்துக்குள் விரலை விட்டேன். சூடாக எதுவோ தட்டுப்பட்டது. அடுத்த நொடி முகத்தில் இறக்கை அடித்தது. "ஐயோ" என்று நான் போட்ட சத்தத்தில் கரும்புக்குள் இருந்த மயில் பதில் கொடுத்தது. பின்னால் சாய்ந்து விறகின்மேல் விழுந்தேன். முழங்கை சிராய்த்துவிட்டது.

அவர் ஓடி வந்தார். ஓடித்தான் வந்தார், அதை மறுக்கவில்லை. வந்தவர் என்னைத் தாண்டிப் போய்ப் பொந்தைப் பார்த்தார்.

"முட்டை உடைஞ்சிடுச்சா?" என்றார்.

விழுந்தவள் நான். கேட்டது முட்டையை. நான் ஊரில் இல்லாதபோதே இவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

வெந்நீர் கூடாது

எனக்கு முழங்கால் வலி. மாசி பிறந்தும் மலைப்பக்கத்துக் குளிர் விட்டபாடில்லை. காலையில் இரண்டு சொம்பு வெந்நீர் முழங்காலில் ஊற்றினால்தான் நடை வரும்.

"அடுப்பு பத்தவைக்காத. புகை அடிச்சா குருவி போயிடும்" என்றார்.

"என் காலு?"

"கேஸ்ல வச்சிக்கோ."

"சமையல்கட்டுலேர்ந்து குண்டானைத் தூக்கிக்கினு வர்றது யாரு?"

"கொஞ்சமா வச்சிக்கோ."

முடிந்தது பேச்சு. நானே தூக்கி வருகிறேன் என்று அவர் வாயில் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், பொந்துக்கு எதிரே கொய்யா மரத்தடியில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அங்கேதான் காபி. அங்கேதான் பேப்பர். பூனை வந்தால் எழுந்து விரட்டுவார். காக்கா உட்கார்ந்தால் கல்லை எடுப்பார். நான் துணி துவைத்தால், "மெதுவா அடி, மெதுவா அடி" என்பார். முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்தியவர், காபியில் சர்க்கரை கம்மியா ஜாஸ்தியா என்பதைத் தவிர வேறெதையும் என்னிடம் விசாரித்ததில்லை. அவருக்கு இப்போது இவள் முட்டைமேல் எந்தப் பக்கம் திரும்பி உட்காருகிறாள் என்பதெல்லாம் தெரிந்திருந்தது.

செல்விக்கும் ஆத்திரம். "இன்னாம்மா இது, அப்பா தானா போன் பண்ணவே மாட்டாரு. இப்ப டெய்லி வீடியோ கால் பண்ணிக் குருவியக் காட்டறாரு. என் மூஞ்சியப் பாக்கவே மாட்டேங்கறாரு" என்றாள். பரவாயில்லை, நான் ஒருத்தி மட்டும் பைத்தியமில்லை என்று ஆறுதலாக இருந்தது.

நரை

அந்தச் சமயம் பார்த்து முடிக்காரர் வந்தார். மொபெட்டின் பின்னால் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டே வந்தார். மோர் வாங்க வந்திருந்த பக்கத்துக் கொல்லை காசியம்மாள், "அக்கா, உன் முடி நெறைய சேந்திருக்குமே, எடுத்தாந்து போடு. அந்த மூடி போட்ட டப்பா நல்லா இருக்குது" என்றாள்.

"என் முடிமேல ஒருத்தி படுத்துக்கினு இருக்கா" என்றேன்.

காசியம்மாளுக்குப் புரியவில்லை. கூட்டிப்போய்க் காட்டினேன். சக்களத்தி இரை தேடப் போயிருந்த நேரம். எங்கள் வீட்டுக்காரர் பெருமையோடு செல்போன் விளக்கை அடித்துக் காட்டினார். அப்போதுதான் நானும் முதன்முதலாக உள்ளே சரியாகப் பார்த்தேன்.

காய்ந்த புல், வேர், தென்னை நார். நடுவில் கிண்ணம் போலக் குழிந்த இடம் முழுக்க என் முடி. நான் விரலால் சுருட்டிப் போட்ட சுருளையெல்லாம் அவள் பிரித்து, ஒவ்வொரு இழையாக வட்டமாகச் சுற்றியிருந்தாள். அதன்மேல் புள்ளி போட்ட மூன்று முட்டைகள்.

பிறகு அவர் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனார். பொந்தைப் பார்த்தார். திரும்பி என் தலையைப் பார்த்தார். மறுபடியும் பொந்தைப் பார்த்தார்.

"இன்னா வசந்தா, இவ்ளோ நரைச்சிடுச்சா உனக்கு?" என்றார்.

காசியம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் எதிரே உட்கார்ந்து சோறு போடுகிறவள் தலையில் தெரியாத நரை, குருவிக் கூட்டில் தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு.

முடிக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். டப்பாவும் போயிற்று.

அப்பன்காரன்

இவ்வளவும் பொறுத்துக்கொண்டேன். குஞ்சு பொரித்த பிறகு நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதுவரை ஆண் குருவி கறுப்புச் சட்டை போட்ட மைனர் மாதிரி வேலிக் கல்மேல் உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டிருந்தது. அடைகாத்ததெல்லாம் அவள்தான். பரவாயில்லை, எல்லா வீட்டிலும் இதுதான் கதை என்று நினைத்துக்கொண்டேன். குஞ்சு வந்ததும் அதுவும் மாறிவிட்டது. புழு, வெட்டுக்கிளி, ஈசல் என்று வாய் நிறையக் கவ்விக்கொண்டு வர ஆரம்பித்தது. அவள் வந்து போனால் இது, இது போனால் அவள்.

"பாரு பாரு, அப்பன்காரன் எப்படித் தூக்கிக்கினு வர்றான் பாரு" என்பார் எங்கள் வீட்டுக்காரர். "பெத்தவன்னா இப்படி இருக்கணும்."

முதல் தடவை சொன்னபோது உள்ளே போய்விட்டேன். மறுநாள் காசியம்மாளிடமும் இதையே சொன்னார். போனில் செல்வியிடமும் சொன்னார். செல்வியிடமே சொன்னார்! அப்போது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

ஏனென்றால் செல்வி பிறந்தபோது இந்த அப்பன்காரர் அங்கே இல்லை.

கரும்புக்காரர்களுக்குத் தெரியும். சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால் வீட்டில் இழவே விழுந்தாலும் வெட்டியாக வேண்டும். வெட்டிய கரும்பு காய்ந்தால் எடை போய்விடும். எனக்கு மாதம் நிறைந்திருந்தபோது உத்தரவு வந்தது. என் அம்மா அப்போது உயிரோடு இல்லை, அதனால் தலைப்பிரசவத்துக்கு என்று போக எனக்கு இடமும் இல்லை. அவர் கரும்பை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியோடு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போய்விட்டார். அரவை மும்முரமான சமயம், வண்டி வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். மறுநாள் பொழுது சாயும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொட்டிலைப் பார்த்தார். "நல்லா இருக்குதா?" என்றார். அப்புறம், இந்த வருஷம் கரும்பு நல்ல எடை என்றார்.

அதில் எனக்குக் கோபமில்லை. கரும்பு அப்படித்தான். வந்த பிறகாவது, "எப்படிப் பெத்த? என்ன ஆச்சு?" என்று கேட்பார் என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகு கேட்பார் என்று பார்த்தேன். செல்விக்குக் காது குத்தியபோது, அவள் பெரியவளானபோது, அவளுக்கே பிள்ளை பிறந்தபோது என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். கேட்கவே இல்லை. தானாகச் சொல்ல எனக்கு ரோஷம். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு கேள்விதான். அது எனக்கு வரவில்லை, குருவிக்கு வந்துவிட்டது.

மறுபடியும் உத்தரவு

பங்குனியில், குஞ்சுகள் பொந்தின் வாயில் வந்து எட்டிப் பார்க்கிற சமயத்தில், வெட்டு உத்தரவு வந்தது.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ரெண்டு நாள் தள்ளிக் குடுக்கக்கூடாதா?" என்று போனில் கெஞ்சிப் பார்த்தார். எனக்குப் பிரசவ வலி எடுத்த வருஷம் கேட்காத தவணை.

ஆட்கள் வந்து வெட்டினார்கள். டிராக்டரை டிரைவர் ஓட்டிப் போவார்தான், ஆனால் எடை போடும்போது கூட நிற்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் கிளம்பினார். கிளம்பும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "வசந்தா, பாத்துக்க" என்றார். யாரை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மறுநாள் காலை போன் வந்தது. வரிசை நகரவில்லையாம். "இன்னா பண்ணுது? வெளிய வந்துச்சா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

அப்போது அது உண்மை. போனை வைத்துவிட்டுத் திரும்புகிறேன், முதல் குஞ்சு அடுப்பின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது.

எந்தக் காது

இனி நான் ஆரம்பித்த இடத்துக்கு வருகிறேன். மனுஷன் அடுப்புக் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். நான் கீரை உருவுகிறேன்.

"சொல்லேன் வசந்தா. எது மொதல்ல வந்துச்சு? பயந்துச்சா? அவ கிட்ட இருந்தாளா?"

முறத்தைக் கீழே வைத்தேன்.

"ஏங்க, மொதல்ல நம்ம செல்வி எப்படிப் பொறந்தான்னு கேளுங்க. அதைச் சொல்லிட்டுக் குருவியச் சொல்றேன்."

கோபத்தில் சொல்ல நினைத்தேன், அழுகையில் வந்துவிட்டது. அவர் என்னையே பார்த்தார். துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, சொல்லு" என்றார்.

சொன்னேன். விடிகாலையில் வலி எடுத்தது, வண்டியும் மாடும் ஆலையில் இருந்ததால் நாத்தனாரும் நானும் ரோடு வரை நடந்தோம். வழியில் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று நடந்தேன். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறியதும் பனிக்குடம் உடைந்துவிட்டது. கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே வந்தார், எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. கையைக் காட்டியவர்களெல்லாம் திட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாள் தன் புதுப்புடவைத் தலைப்பை என் வாயில் திணித்து, "கடிச்சிக்கோ" என்றாள். ஆஸ்பத்திரியில் கதவு அசையும்போதெல்லாம் இவர்தான் என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். நர்ஸம்மா, "படும்மா, வருவாரு" என்றார். குழந்தை ஒரு கையை மடக்கிக் காதின்மேல் வைத்துக்கொண்டு பிறந்தது. சத்தம் பிடிக்காத பெண் போலிருக்கிறது என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறுத்தினேன். கொய்யா மரத்தில் அணில் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"எந்தக் காது?" என்றார்.

"இன்னாது?"

"கை வச்சிருந்துச்சே. எந்தக் காதுமேல?"

"எடது காது."

"எடது காது" என்று தானும் ஒருமுறை சொன்னார். தன் இடது கையை மடக்கிக் காதருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "அப்புறம்?" என்றார்.

அப்புறம் இருந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி கேட்டார். அந்த அம்மாள் புடவை என்ன நிறம் என்றுகூடக் கேட்டார். சொல்லி முடித்தபோது நன்றாக இருட்டத் தொடங்கியிருந்தது. எழுந்து போய் வெந்நீர் அடுப்பைப் பற்றவைத்தார். புகைதான் வந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்தது. அது புகையினாலா என்று நான் கேட்கவில்லை. ஒருவழியாகத் தண்ணீர் காய்ந்ததும் குண்டானைத் தூக்கிக் குளியலறையில் வைத்துவிட்டு, "காலுக்கு ஊத்திக்கோ" என்றார்.

குருவியைப் பற்றி அன்று அவர் கேட்க மறந்தே போனார். மறுநாள் ஞாபகம் வந்து கேட்டார். "பத்திரிகையில எழுதறேன், படிச்சித் தெரிஞ்சிக்கோங்க" என்றேன். வாரா வாரம் நான் எழுதுவதை அவர் படித்ததில்லை. இந்த வாரம் காலையிலேயே கடைக்குப் போய்விடுவார் என்று தெரியும்.

ஆகவே, ஏங்க, உங்களுக்குத்தான் இது. முதல் குஞ்சு அடுப்பு விளிம்பில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு தரையில் தத்தி, விறகுக்குள் ஒளிந்து, அங்கிருந்து வேலிக்குப் பறந்தது. இரண்டாவது பொந்திலிருந்து ஒரே எடுப்பில் கொய்யாக் கிளைக்குப் போய்விட்டது, அது செல்வி மாதிரி. மூன்றாவதுதான் வரமாட்டேன் என்றது. அம்மாக்காரி வாயில் புழுவை வைத்துக்கொண்டு, கொடுக்காமல், எதிரே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என்னைக் கண்டும் பயப்படவில்லை. கடைசியில் அது வெளியே வந்தபோது காலில் என் முடி ஒன்று ஒட்டிக்கொண்டு நீளமாக வந்தது. வெள்ளை முடி. பொந்தின் விளிம்பில் முடி கழன்று விழுந்தது, குஞ்சு பறந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த அப்பன்காரன் காலையிலிருந்து துணிக்கொடியின்மேல்தான் உட்கார்ந்திருந்தான். மூன்றும் போகும்வரை எங்கேயும் போகவில்லை.